சலேத்தம்மாளும் ஐம்பத்தெட்டு மனுவும்

இந்த இடத்துல ஒருத்தரப் பத்திச் சொல்லாம என்னால மேல போக முடியாது சகோதரிகளே. சின்னக் கதைதான், கேளுங்க.

சலேத்தம்மா. ஒரு கடற்கரைக் கிராமத்துல கருவாடு விக்கிறவங்க. அந்த ஊருக்கே ஒரே ஒரு குடிதண்ணிக் கிணறு. பக்கத்துல இறால் பண்ணை வந்துச்சு. பண்ணையோட உப்புத்தண்ணி மண்ணுல இறங்கி, கிணத்துல கலந்துருச்சு. குழந்தைக்குக் கஞ்சி வச்சாக்கூட கரிச்சுது.

ஊரு சும்மா இருக்குமா? முதல் திங்கக்கிழமை, மனுக் கொடுக்க கலெக்டர் ஆபீசுக்கு ரெண்டு வேன் நிறைய ஜனம். அடுத்த வாரம் ஒரு வேன். ரெண்டு மாசம் கழிச்சு... யாரு போனா? சலேத்தம்மா மட்டும். விடியக்காலை கோயில்ல முழங்கால் போட்டு செபமாலை சொல்லுவாங்க. அங்கருந்து நேரா பஸ்ஸு.

ஒரு வாரமா? ரெண்டு வாரமா? ஐம்பத்தெட்டு வாரம்...

ஐம்பத்தெட்டாவது மனுவ வாங்கின அதிகாரி, பேனாவக் கீழ வச்சுட்டார்.

"ஏம்மா, ஒவ்வொரு வாரமும் இதே மனு. பதிலே வரல. உங்களுக்குச் சலிச்சுப் போகலையா?"

சலேத்தம்மா கோபப்படல. மெதுவாத்தான் சொன்னாங்க.

"ஐயா, எனக்குப் புள்ளை இல்ல. இருபத்திரெண்டு வருஷம் மாதாகிட்ட கேட்டேன். குடுக்கல. அதுக்காக அவகிட்டப் போறத நான் நிறுத்தல. பதில் வராத இடத்துலயும் தினம் போய் நிக்கப் பழகிட்டேன். இப்ப ஊருப் புள்ளைங்களுக்காகக் கேக்குறேன். உங்ககிட்ட வந்து ஒரு வருஷந்தானே ஆகுது?"

அந்த மனுஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டார்...

மறுநாள் ஜீப்புல ஊருக்கே வந்துட்டார். கிணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சார். முழுங்க முடியல. அவரே தண்ணிய எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூணு மாசத்துல பண்ணைக்குப் பூட்டு விழுந்துச்சு. கிணறு தெளிய இன்னும் ரெண்டு மழைக்காலமாவது வேணுமாம். அதுவரைக்கும் லாரித் தண்ணி ஒழுங்கா வரணும்னு சலேத்தம்மா இப்பவும் பஸ் ஏறுறாங்க.

இத எதுக்குச் சொல்றேன்? செபம் பண்றவங்க கண்ண மூடிக்கிட்டு மூலையில உக்காந்திருப்பாங்க, போராட வரமாட்டாங்கன்னு நம்மளப் பேசுறாங்க. அப்படி உக்காந்தவங்க இல்லையா? இருக்காங்க... நானும் உக்காந்திருக்கேன். ஆனா பாருங்க, ரெண்டு வேன் நிறையப் போன கோபம் ரெண்டு மாசத்துல தீந்துருச்சு. முழங்கால்ல பழகின பொறுமை தீரல. கோபம் நம்மள ஒருநாள் தெருவுக்குக் கூட்டிட்டு வரும். மறுநாள்? அதுக்கு மறுநாள்? அந்த பலத்தைத்தான் கோயில்ல கேக்கணும். கேட்டுட்டு... எழுந்து வெளிய வரணும்.