பத்மாக்கா வளவுத் தோடைக் கொப்பு

அலோ... அலோ! வவுனியா விவசாயக் கந்தோரோ?... ஓம், ஓம், ட்றங்க் கோல்தான். கிளிநொச்சித் தபால் கந்தோரிலயிருந்து கதைக்கிறன். தில்லைநாதன் ஐயாவை ஒருக்காக் கூப்பிடுங்கோ... ஆரெண்டோ? அவற்ற தங்கச்சி புருசன், ஸ்கந்தபுரம் யோகலிங்கம் எண்டு சொல்லுங்கோ... கெதியாக் கூப்பிடுங்கோ, மூண்டு நிமிசம்தான் தந்திருக்கு!

...மச்சான்! நான்தான்... ஓம், சுகம். உம்மட தங்கச்சி சுகம், பிள்ளையள் சுகம், மாடும் சுகம்... இல்லையப்பா, ஒருதரும் மோசம் போகேல்லை! தோடை ஒட்டுற விசயம்.

...என்ன சிரிப்பு? எட்டு மைல் மழைக்குள்ள சைக்கிள் மிதிச்சு வந்து நிக்கிறன், உமக்குச் சிரிப்பு! கேளும். என்னட்ட நாரத்தைக் கண்டு நாலு சாடியில நிக்குது, பென்சில் தடிப்பில. அதில இனிப்புத் தோடம்பழத் தோடையை ஒட்டவேணும். கொப்பிலயிருந்து முளைக்கண்ணைச் சீவி எடுத்துக் கண்டில வைச்சு ஒட்டுறது நல்லதோ, இல்லாட்டிச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோடைக் கொப்போட சேத்துக் கட்டி ஒட்டுறது நல்லதோ? ஒண்டைச் சொல்லும்.

...கண் வைக்கிறதுதானே? ஆ! அதைத்தான் நானும் சொன்னனான்! போஸ்ட்மாஸ்டர் ஐயா, கேட்டியளே? அரசாங்கமே சொல்லிப்போட்டுது!... அப்ப மச்சான், அதைக் கந்தோர்க் கடுதாசியில எழுதி, சீல் குத்தி அனுப்பும்... ஆருக்குக் காட்டவோ? வேறை ஆருக்கு, என்ர அக்காவுக்குத்தான். பக்கத்து வளவு பத்மாசனிக்கு.

...ஓம், இப்பவும் அவாவோட கதை பேச்சில்லை. ரண்டு வருசமாகுது... வேலி அடைக்கேக்கை அவான்ர பக்கம் அரை முழம் தள்ளிக் கதியால் நட்டது நான்தான், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லையே! அதுக்கு ஊர் கேக்க, 'எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை' எண்டு சொல்லுறதோ? கூடப்பிறந்தவா சொல்லுற கதையே அது?... சரி, சரி, விடும், நேரம் போகுது. அந்தத் தோடை அவான்ர வளவுக்குள்ளதான் நிக்குது. உம்மட தங்கச்சி போய்க் கேக்க, கொப்பு முறிச்சுக் குடுத்தவா. பொய் சொல்லக்கூடாது, மூண்டு தரம் குடுத்தவா.

...மூண்டு தரமும் பட்டுப்போச்சு... ஏனெண்டோ? முதல்தரம் முறையாத்தான் செய்தனான். கண்ணைச் சீவி எடுத்து வெத்திலைத் தட்டத்தில வைச்சிட்டு நேரத்தைப் பாத்தால், இராகுகாலம். நல்ல காரியத்தை இராகுகாலத்தில செய்யலாமே? ஒண்டரை மணித்தியாலம் பொறுத்து... கத்தாதேயும்! காய்ஞ்சு போகுமெண்டு அப்ப எனக்கு ஆர் சொன்னது?

...ரண்டாந்தரம் நேரம் பாத்துத்தான் சீவினனான். அவசரத்தில கண்ணைத் தலைகீழா வைச்சுக் கட்டிப்போட்டன்... மூண்டாந்தரம் எல்லாம் சரி. கண் நேர், நேரம் நல்ல நேரம், மெழுகுசீலைக் கட்டு... பிறகென்னவோ? அது... பிடிச்சிட்டுதோ எண்டு அவிட்டுப் பாத்தனான்... ஒவ்வொரு நாளும்தான்... மனம் கேக்கேல்லை, மச்சான்!

மீராசாகிபு நானா, அடுத்த கோலுக்கு நிக்கிற நீங்களும் சிரியுங்கோ. உங்கட லொறி எங்கையும் ஓடிப்போகாது, கொஞ்சம் பொறுங்கோ... ஓம், எக்ஸ்சேஞ்ச் தங்கச்சி, இன்னும் மூண்டு நிமிசம் போடுங்கோ. வெட்டிப்போடாதேயுங்கோ, பிள்ளை!

...அலோ, மச்சான். இப்ப அக்கா சொல்லிவிட்டிட்டா. மரம் மொட்டையாப் போகுதாம், இனி ஒரு கொப்பும் முறிக்க விடமாட்டாவாம். வேணுமெண்டால் அவன் சாடியைக் கொண்டுவந்து என்ர மரத்தோட கட்டி வைக்கட்டும் எண்டு, உம்மட தங்கச்சியிட்டச் சொன்னவா. நான் போறதோ? நான் போய் அந்தப் படலையைத் திறக்கிறதோ? அதுதான் சொல்லுறன், அந்த முறை சரிவராதெண்டு நீர் எழுதித் தந்தால், அதைக் காட்டி நாலாந்தரம் ஒரு சின்னக் கொப்பு...

...என்ன?... நீரே வாறீரோ?... வெள்ளிக்கிழமையோ... ஓ, கந்தோர்த் தோட்டத்துத் தோடையிலயே கண் கொண்டு வருவீரோ... அப்ப அக்கான்ர மரம் தேவையில்லை... நாலு கண்டும் அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடுமோ.

...இல்லை, நிக்கிறன். லைன் அறேல்லை... சந்தோசம்தான். ஏன் சந்தோசமில்லாமல்?... ஓம், அதுவும் நல்ல தோடைதானாக்கும்... ஓம்... ஓம்.

...மச்சான், சும்மாதான் கேக்கிறன். மற்ற முறை இருக்கெல்லே, சாடி கட்டுறது. அது ஒட்ட எவ்வளவு நாள் செல்லும்?... ரண்டு மாசமோ. அவ்வளவு நாளும் சாடி அவான்ர வளவிலதான் இருக்கும், என்ன?... தண்ணி?... சாடி கெதியாக் காய்ஞ்சிடுமோ! அப்ப காலமையும் பின்னேரமும் ஊத்தவேணும். ஆர் ஊத்துறது?... அவாவைக் கொண்டு ஊத்துவிக்க ஏலாது, அவாவுக்கு நாரிப்பிடிப்பு. வாளி தூக்கமாட்டா.

...இல்லை, வெள்ளிக்கிழமை நீர் வரவேண்டாம்... வேண்டாமெண்டுறன்! கடிதத்தை மாத்தி எழுதும். இந்தக் கண்டுக்குச் சாடி கட்டி ஒட்டுறதுதான் உகந்ததெண்டு எழுதும்... பொய்யோ? அப்பிடிக் கட்டினாலும் பிடிக்கும்தானே? பிடிக்கிறதெண்டால் அது எப்பிடிப் பொய்? பிறகு, கண்டுக்காரன் தானே வந்து நாளுக்கு ரண்டு நேரம் தண்ணி ஊத்தவேணுமெண்டும் எழுதும்... மழைகாலமெண்டு எனக்குத் தெரியாதே? தெப்பமா நனைஞ்செல்லே நிக்கிறன்! மழை பெய்தாலும் ஊத்தவேணுமெண்டு எழுதும்!

...ரண்டு மாசமெண்டு போடாதேயும், மூண்டெண்டு போடும்... இப்ப கார்த்திகை. ரண்டெண்டால் பொங்கலோட அறுத்து எடுக்கவேண்டி வந்திடும். அம்மா செத்த நாள் தொடக்கம் பொங்கலுக்கு அக்காதான் எனக்குப் பானையில பொங்கின புக்கையில முதல் கை தாறவா. ரண்டு பொங்கலா அது இல்லை, மச்சான். என்ர முத்தத்தில பொங்கி இறக்கிப்போட்டு, அங்கால புகை கிளம்புதோ எண்டு வேலிக்கு மேலால எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு அவா வேணும். தோடை பட்டாலும் பரவாயில்லை.

...என்ன சொல்லுறீர்?... ஆர் வந்தது?... பத்மாக்காவோ? உம்மட கந்தோருக்கோ?... போன கிழமை... நாரிக்கு மருந்தெடுக்க வவுனியாவுக்கு வந்த நேரமோ... என்ன கேட்டவா?... கடிதமோ! சாடி கட்டுறதுதான் உகந்ததெண்டோ... கண்டுக்காரன்தான் வந்து தண்ணி ஊத்தவேணுமெண்டோ!... அட பாவி, இதை ஏன் முதலிலயே சொல்லேல்லை?... என்னட்டச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டாவோ... அப்ப வெள்ளிக்கிழமை வாறனெண்டது என்ர வாயைக் கிண்டத்தானோ...

...எத்தினை மாசமெண்டு போடச் சொன்னவா?

...ஆறோ?

...ஓம், அழுறன்தான். அதுக்கென்ன இப்ப?... போஸ்ட்மாஸ்டர் ஐயா, நீங்கள் உங்கட முத்திரையைக் குத்துங்கோ... ஓம் எக்ஸ்சேஞ்ச் தங்கச்சி, முடிக்கிறன், முடிக்கிறன். மச்சான், கேக்குதோ? மூண்டை வெட்டிப்போடும். அக்கா சொன்னபடி ஆறெண்டே போடும்! ஆறு... அலோ?... அலோ?