ஒன்பதாம் ஆணி

நெருங்கி உட்காருங்கள், நண்பர்களே. உங்களை நடுங்கவைக்க மட்டும் இதை நான் சொல்லவில்லை. ஓர் அநீதிக்குச் சாட்சிகளாக உங்களை அழைக்கிறேன். கேட்டபின், கேட்கவே இல்லை என்று எவரும் நழுவ முடியாது.

மாலை ஐந்தே முக்கால். கரையிலிருந்து பதினான்கு மணி நேரத் தொலைவு. பாதை என்றால் தண்ணீர்தான்... வேறு படகில்லை, விளக்கில்லை. என் நண்பனின் அக்காள் கணவர் ஒரு பல் மருத்துவர். படகிலேயே தங்கி, ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆறு நாள் பயணத்துக்குப் போயிருந்தார்.

பின்தளத்தில் ஒரு பலகை. பன்னிரண்டு ஆணிகள். குதிக்கும் முன் அவரவர் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துச் செல்ல வேண்டும்; ஏறியதும் தம் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். வழிகாட்டி எண்ணுவார். எண்ணிக்கை சரியென்றால் மணி அடிக்கும், படகு கிளம்பும். கவனியுங்கள்... அவர் எண்ணுவது பித்தளையை. முகங்களை அல்ல.

பயணிகள் பதினொருவர். ஒன்பதாம் ஆணி மட்டும் காலி. ஆனால் ஒவ்வொரு மாலையும் அதற்கு நேர் கீழே... சொட்டு. சொட்டு. தளமெல்லாம் உலர்ந்த பின்னும் அங்கே மட்டும் ஈரம். அழுகிய பாசியின் வாடை.

“ஒன்பது எங்கே?” என்றார் டாக்டர்.

“தொலைஞ்சு போச்சு டாக்டர்,” என்றார் வழிகாட்டி.

“வில்லையா, ஆளா?”

“பல்லைப் பிடுங்குற மாதிரியே கேக்குறீங்களே.” கடைவாய்ப் பல் தெரியச் சிரித்த அந்த மனிதர், அதன்பின் டாக்டரோடு ஒரே மேசையில் உட்காரவில்லை.

மூன்றாம் நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சமையற்காரர் வாய் திறந்தார்.

“போன வருஷம் பன்னெண்டு பேரு சார். ஒருத்தர் தண்ணிலேர்ந்து வரலை. கூட வந்தவருகிட்டதான் ரெண்டு பேரு வில்லையும் இருந்துச்சு. ‘பின்னாடியே வர்றான்’னு நல்ல மனசோட ரெண்டையும் மாட்டிட்டாரு. நாங்களும் கிளம்பிட்டோம். ராத்திரி சாப்பாட்டுல ஒரு தட்டு மிஞ்சுச்சு... அப்பதான் தெரிஞ்சது.”

“திரும்பிப் போகலையா?”

“போனோம். கடல்தான் இருந்துச்சு. முதலாளி அந்த வில்லையைத் தண்ணில எறியச் சொல்லிட்டாரு. பட்டியலையும் மாத்தி எழுதிட்டாங்க, பதினொரு பேருன்னு. அவரு வீட்டுக்காரங்க வந்து கேட்டப்போ, அப்படி ஒருத்தர் படகுல ஏறவே இல்லைன்னுட்டாங்க.”

நான்காம் நாள். ஐந்தே முக்கால் என்றேனே, அது இந்த நாள்தான். உடன் மூழ்கியவர் முன்பே ஏறிவிட்டார். டாக்டரை நீரோட்டம் இழுத்துச் சென்றது. அவர் தலை மேலே வந்தபோது படகு வெகு தூரத்தில்... மணி அடித்தது. நான்காம் எண் வில்லை அவர் இடுப்பில் இருக்கிறது. பலகையில் ஒன்று குறைகிறது. பிறகெப்படிக் கிளம்புவார்கள்? ஊதலை ஊதினார். படகு புள்ளியாயிற்று.

நாற்பது நிமிடம். முதுகுக்குப் பின்னால் யாரோ காற்றுக்குழாயில் மூச்சு விட்டார்கள்... உஸ்ஸ்... குளுக். திரும்பினால், எவருமில்லை.

காப்பாற்றியது ஒரு தட்டு. மிஞ்சிய தட்டைக் கண்டு சமையற்காரர் கத்தினார். படகு திரும்பியது.

“தொட்டுத் தொட்டு எண்ணினேன் டாக்டர். பதினொண்ணும் இருந்துச்சு. நாலாவது ஆணியிலயும் இருந்துச்சு,” என்றார் வழிகாட்டி.

“அப்ப இது என்ன?” டாக்டர் தன் இடுப்பு வில்லையை அவர் முகத்தெதிரே நீட்டினார்.

எல்லோரும் பலகைக்கு ஓடினார்கள். அலையே இல்லை... ஆனாலும் நான்காம் ஆணியில் ஒரு வில்லை ஆடிக்கொண்டிருந்தது. பச்சைக் களிம்பு. மேலே சிறு சிப்பிகள். சமையற்காரர் கட்டைவிரலால் துடைத்தார்.

ஒன்பது.

மாட்டியது யார், எனக்குத் தெரியாது. டாக்டர் அதை எவரிடமும் கொடுக்கவில்லை. பல் அச்சு வைக்கும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்தார். எட்டு மாதமாக அது திறக்கப்படவில்லை. போன வாரம் நானே பார்த்தேன்... முக்கால் புட்டி தண்ணீர்.

நாளைக் காலை அந்தப் படகு மறுபடி கிளம்புகிறது. ஒன்பதாம் ஆணிக்குப் புது வில்லை வந்துவிட்டது. இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் என்னோடு துறைமுகத்துக்கு வாருங்கள். பழைய பட்டியலைக் கேளுங்கள். அழித்த பெயரை அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். முகம் பார்த்து எண்ணும் வரை கயிற்றை அவிழ்க்க விடாதீர்கள்.

புட்டி நிறைவதற்குள் வாருங்கள்.