சகாயமேரி மறைக்காத இரண்டு மரணங்கள்

கம்பைநல்லூர்ப் பக்கத்துக் குக்கிராமங்களைக் காலால் அளந்தவரும், கருவுற்ற தாயர்க்குக் காவலாய் நின்றவரும், நயந்து பேசத் தெரியாத நாவினருமான கிராம சுகாதாரச் செவிலியர் திருமதி சகாயமேரி அவர்கள், முப்பத்தைந்தாண்டுப் பணி நிறைவு பெறும் இந்நாளில் உடன் உழைத்தோர் படைக்கும் மடல்.

புகழ்ந்தெழுத உட்கார்ந்த எங்களிடம் அவர் ஒன்றே கேட்டார்: "நல்லத மட்டும் எழுதாதீங்க. செல்லம்மாள் கொழந்தையயும் எழுதுங்க."

அது 1993. பெண் சிசுக்கொலையால் நம் மாவட்டத்தின் பெயர் நாளிதழ்களில் நாறிய காலம். செல்லம்மாளுக்கு மூன்றாவதும் பெண். எடை குறையாத, நன்றாகப் பால் குடித்த குழந்தை. மூன்றாம் நாள் சகாயமேரி போனபோது கொல்லையில் புதுமண் மூடியிருந்தது. வயிற்றுப்போக்கு என்றார் தகப்பன் நஞ்சப்பன். செல்லம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சகாயமேரிக்குப் பயம். பதிவேட்டில் வயிற்றுப்போக்கு என்றே எழுதிவிட்டு வந்தார்.

இரண்டாண்டு கழித்து நான்காவதும் பெண். இம்முறை அவர் அந்த வாசலைவிட்டு நகரவில்லை. "நீங்க போயிருவீங்க, நாங்கதானுங்க வளக்கணும்" என்றார் நஞ்சப்பன்.

"வேண்டாம்னா என் கையில குடுங்க. இந்தத் தடவ நான் பொய் எழுத மாட்டேனுங்க."

அந்தப் பெண் பிழைத்தாள். பின்னர், வேண்டாமென்று விடப்படும் பெண் சிசுக்களை ஏற்கும் அரசுத் தொட்டில்கள் நம் மாவட்டத்துக்கு வந்தபோது, ஒன்பது சிசுக்களை ஒவ்வொன்றாக மடியில் ஏந்திப் பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெறும் மடியோடு திரும்பும்போது அவர் அழுததை நடத்துநர்கள் கண்டிருக்கிறார்கள்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், கணவர் சவுரியப்பன் மூச்சுத் திணறி மாண்டார். முகம் பார்க்கவும் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் சகாயமேரி தடுப்பூசி முகாமில் நின்றார். ஊசிக்கு அஞ்சி ஊரே ஒதுங்கி நின்றது. ஒரு பெண் கேட்டாள்: "நர்சம்மா வூட்டுக்காரரே போயிட்டாரு. எங்களுக்கு எதுக்குங்க இது?"

சகாயமேரி மருந்துப் பெட்டியை மூடி வைத்தார்.

"அவரு ஊசி போட்டுக்கலைங்க. நாளைக்கு, நாளைக்குன்னாரு. நானும் விட்டுட்டேன்."

பிறகு கேள்வி கேட்டவளே வந்து கையை நீட்டினாள். அன்று நாற்பத்தொரு பேர் போட்டுக்கொண்டார்கள்.

துயரைத் தோளில் சுமந்து தொண்டாற்றிய எம் மூத்தவரே! வீங்கிய கால்களின் வலி தீரட்டும். வெயில் ஏறும்வரை உறங்குக. பிறர் சமைத்ததைச் சூடாக உண்க. பிணியின்றி நீடு வாழ்க. இனிக் கதவு தட்டப்பட்டால் நீங்கள் எழ வேண்டாம். நாங்கள் எழுகிறோம்.

அன்புடன்,
உடன்பணியாற்றிய செவிலியரும் பணியாளர்களும்
தருமபுரி மாவட்டம், 2025