மருமகன் வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்

உங்கள் வண்டிக்குச் சிந்தெடிக் எண்ணெய் நல்லதா, சாதா எண்ணெயே போதுமா என்று கேட்டீர்கள். புது வண்டி என்றால் சிந்தெடிக்கே ஊற்றுங்கள், ஐயா. என்ஜின் எவ்வளவு சூடானாலும் சீக்கிரம் கெட்டுப்போகாது. பழைய வண்டி என்றால் வேண்டாம். பழைய என்ஜினில் வருஷக்கணக்காகப் படிந்த கசடுதான் பல இடுக்குகளை அடைத்துக்கொண்டிருக்கும். இந்த எண்ணெய் அதைக் கழுவிவிடும். பிறகு காய்ந்துபோன ரப்பர் சீல் வழியாக எண்ணெய் ஒழுகும். சிராங்கூன் ரோட்டுச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது தெரியாமல் இருக்குமா.

என் மருமகன் எட்மண்டின் வண்டி பழையது.

நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மனைவி இறந்தபின் மகள் பிரிஜட்டை நான்தான் வளர்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் பூன் லே வீட்டில் என்னோடுதான் இருந்தார்கள். மாலையில் நான் வீடு திரும்பும்போது கதவு திறந்திருக்கும், ரசம் கொதிக்கிற வாசனை வரும். அப்புறம் எட்மண்டுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. அவன் முதலில் போவது, அவள் பின்னால் போவது என்று முடிவு செய்தார்கள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள்.

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

“மாமா, சாதா எண்ணெயே ஊத்துங்க லா. கெழட்டு வண்டி.”

“தூரமா போறீங்க மாப்பிள்ளை. சிந்தெடிக் ஊத்துறேன், என்ஜினுக்கு நல்லது.”

“நீங்க சொன்னா சரி மாமா.”

கொஞ்ச நாளில் அவன் வண்டி நிறுத்தும் இடத்தில் கறுப்புப் பொட்டுகள் விழுந்தன. ஒழுகுதே என்று கேட்டான். புது எண்ணெய் அப்படித்தான், போகப்போக நின்றுவிடும் என்றேன். எல்லை தாண்டி ஜொகூர் பக்கம் வேகம் பிடித்தால் ஒழுக்கு அதிகமாகும், எங்காவது வண்டி படுத்துவிடும், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவான். அவ்வளவுதான் என் எண்ணம்.

ஆனால் எண்ணெய் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். எட்மண்ட் நிதானமானவன். உடனே ஓரம் கட்டி, ஒரு டின் வாங்கி ஊற்றிக்கொண்டு போயிருப்பான். அதனால் விளக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டேன். ஓட்டத்தில் எண்ணெய் வற்றி என்ஜின் இறுகினால் சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். அந்தச் சாலையில் மரம் ஏற்றிய லாரிகள் ஒட்டிக்கொண்டே வரும். அதையெல்லாம் நினைக்கவில்லை என்று இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தேன்.

புறப்படுகிற காலையில் பிரிஜட்டும் கையில் ஒரு பையோடு இறங்கி வந்தாள்.

“அப்பா, நானும் போய் அங்க வீட்டைப் பாத்துட்டு வந்துடறேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு இங்க இருப்பேன். மீன் குழம்பு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க.”

ஒயரை மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பானெட்டைத் திறந்தால் எட்மண்டும் பக்கத்தில் வந்து குனிவான். என்ன மாமா என்பான். பிரிஜட் என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே என் முகம் அத்துப்படி. நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பட்டது. அவள் ஏறி உட்கார்ந்ததும், சேலை மாட்டிக்கொள்ளாமல் உள்ளே ஒதுக்கிவிட்டு, நானே கார்க் கதவைச் சாத்தினேன். கையும் அசைத்தேன்.

போலீஸ்காரர் என்றாலும் நீங்கள் என்மேல் சந்தேகப்பட்டு வரவில்லை என்று தெரியும். உடல்களை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லத்தான் வந்தீர்கள். செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயிலுக்கும் போய்ப் பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன்னே சாமியார் என் கையைப் பிடித்து, உங்களுக்காகத்தான் தினமும் ஜெபிக்கிறோம் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அவர்கள் இரண்டு பேரையும் கொன்றது நான்தான்.

லாரி மோதும்போது பிரிஜட் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள், ஐயா. காரில் ஏறினால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்கு ஒரு வலியும் வரக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாகவே இருந்திருக்கிறேன்.