சனிக்கிழமைக் காலையின் குரலுக்கு: டிம்ப்னா லவெல் அம்மையாருக்குக் குவான் வானொலியார் வாசித்தளிக்கும் பணி ஓய்வு மடல்

காற்றலையின் காவலரே! கண்ணுக்குத் தெரியாமல் இருந்தே இக்கரையோரத்தின் காதுகளை ஆண்டவரே! பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பல்லைக் காட்டும் வெறுமையைப் பக்குவமாய் மூடத் தெரிந்த பண்பின் பெட்டகமே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய டிம்ப்னா லவெல் அம்மையாரே! வணக்கம்.

தங்கள் அருங்குணங்களை வரிசைப்படுத்தித்தான் இம்மடலைத் தொடங்கினோம். "வரிசை போட்டுப் புகழ்ந்தீங்கன்னா, கேக்கை வெட்டாமலே எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று போன வாரமே தாங்கள் எச்சரித்துவிட்டீர்கள். தங்கள் எச்சரிக்கையை மீறி இந்த நிலையத்தில் யாரும் பிழைத்ததில்லை. ஆதலால் புகழ்வதை விடுத்து, நடந்ததைச் சொல்கிறோம். நடந்ததே புகழாக அமைந்துவிட்டால் அது எங்கள் குற்றமன்று.

தாங்கள் இங்கே வந்த காலத்தில் ஒருவர் இசைத்தட்டை மாற்ற, இன்னொருவர் விளம்பரத்தைத் தேட, மூன்றாமவர் அட்லாண்டிக் கடல் வானிலை அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடிவர, ஒவ்வொரு மணி நேரமும் ஒரு பிரசவமாகக் கழிந்தது. பின்னர்த் தானியங்கி ஒலிபரப்பு மென்பொருள் வந்து இறங்கியது. பாட்டு, விளம்பரம், செய்தி, முன்கூட்டியே பதிந்து வைத்த எங்கள் பேச்சு என எல்லாவற்றையும் நாள் முழுதுக்கும் வரிசை கட்டிவிட்டால், அறையில் ஆளே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக அதுவே ஒலிபரப்பும் என்றார்கள். எங்களுக்கு அது கணினியாகத் தெரியவில்லை, எமனாகத் தெரிந்தது. தாங்களோ அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"இது மாடு மாதிரி. பழக்கின பாதையில ஒழுங்கா நடக்கும். எங்க சேறு, எங்க பள்ளம்னு அதுக்குத் தெரியாது. அதை நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்றீர்கள்.

சொல்லியும் கொடுத்தீர்கள். ஞாயிறு திருப்பலி ஒலிபரப்பின்போது அருட்தந்தை ஹெனகனின் பிரசங்கம் எல்லை தாண்டினால், மென்பொருள் ஈவிரக்கமின்றி அவரை வெட்டிவிட்டுச் செய்திக்குப் போனது. "என்னம்மா டிம்ப்னா, நான் நரகத்துக்குள்ள போனதும் உன் மெஷின் கதவைச் சாத்திடுதே! ஜனங்க மோட்சத்தைக் கேக்க வேண்டாமா?" என்று அவர் தெருவில் நிறுத்திக் கேட்டார். அடுத்த ஞாயிறு முதல், 'ஆமென்' வரும்வரை செய்தி காத்திருந்தது. இறப்பு அறிவிப்பு முடிந்த கையோடு டிராக்டர் விளம்பரம் துள்ளிக் குதித்து வந்ததைக் கேட்டுத் தாங்கள் முகம் சுளித்தீர்கள். அன்று முதல் அறிவிப்புக்குப் பின்னே யாழில் வாசித்த மெல்லிசை ஒன்று வந்து நின்று, துக்கத்தில் இருப்பவர் மூச்சுவிட இடம் கொடுத்தது. அந்த இசையைக் கேட்டு அழுதவர்கள் பலர். அதை அங்கே வைத்த கை யாருடையது என்று அறிந்தவர்கள் இல்லை.

காலை ஒன்பது மணி இறப்பு அறிவிப்பைக் கேட்ட பிறகே பாலிதூரின் என்னும் நம் ஊர் வட்டாரத்தில் அன்றைக்கு வேலைச் சட்டையா, கறுப்புச் சட்டையா என்பது முடிவாகும். அந்த அறிவிப்பில்தான் எங்களுக்கு வினை வந்து சேர்ந்தது.

மென்பொருளைப் பழகிய நாட்களில், ஆளுக்கொரு சோதனை இறப்பு அறிவிப்பைப் பதிந்து பார்க்கச் சொன்னீர்கள். நம் ஒலிபரப்பாளர் ஃபெர்கலுக்கு அப்போது ஒரு பெயர்தான் வாயில் வந்தது. சதுப்புநிலப் பாதையின் கோடியில் தனியாக வாழ்ந்த சில்வெஸ்டர் பாடன், ஊராருக்கு வெஸ்டி, 'அக்கார்டியன் இசை போதவில்லை' என்று வாரந்தவறாமல் தொலைபேசியில் ஃபெர்கலை வறுத்தெடுப்பார். அந்தக் கடுப்பைத் தீர்த்துக்கொள்ள, "பாடன், சில்வெஸ்டர். தமது இல்லத்தில் அமைதியாக இயற்கை எய்தினார். நல்லடக்கம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று ஃபெர்கல் உருக்கமாக வாசித்தார். நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பதிவை அழிக்க எல்லோரும் மறந்தோம்.

மாதங்கள் பல கழிந்து, குளிர்காலச் சனிக்கிழமை ஒன்றில், வட்டாரத்தில் யாருமே இறக்கவில்லை. அறிவிப்புக்கு உரிய இடம் காலியாக இருந்தது. காலியிடம் மென்பொருளுக்கு ஆகாது. அது தேடியது, கண்டெடுத்தது, உயிரோடிருந்த வெஸ்டி பாடனை ஊரறியச் சாகடித்தது. பின்னே யாழிசையும் முறைப்படி ஒலித்தது.

வீட்டில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே அதைக் கேட்ட தாங்கள் அடுப்பை அணைத்தீர்களா என்பது இன்றளவும் தங்களுக்கே தெரியாது. வெஸ்டியின் எண்ணை அழைத்தீர்கள். இணைப்புக் கிடைக்கவில்லை. ஒரு கணம், 'நாம் சொன்னது பலித்துவிட்டதோ' என்று பயந்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னீர்கள். நிலையத்துக்கு விரைந்தீர்கள். அதுநாள்வரை ஒரு முறைகூட ஒலிவாங்கியின் முன் பேசியறியாத தாங்கள், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நடுவே நிறுத்தினீர்கள்.

"நான் டிம்ப்னா. இங்க மெஷினைப் பாத்துக்கிறவ. வெஸ்டி பாடன் இறந்துட்டதா நாங்க சொன்னது பொய். தப்பு எங்களோடது. வெஸ்டி, நீங்க கேட்டுக்கிட்டிருந்தா, கதவைத் திறந்து வைங்க. நான் நேர்ல வரேன்."

கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. ஊரில் பாதிப்பேர் இறப்பு அறிவிப்பைக் கேட்டிருந்தார்கள், பாதிப்பேர் மறுப்பைக் கேட்டிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு பாதி. முற்றம் நிறையக் கார்கள். பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் தட்டுகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஊர்மன்றத்திலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்த ஒருவர், அவற்றை விரிப்பதா திருப்பி எடுத்துப் போவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நடுவே, தொலைபேசியைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தேநீரும் கையுமாக, மாப்பிள்ளை போல வீற்றிருந்தார் வெஸ்டி.

தாங்கள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "வாம்மா டிம்ப்னா, வந்து உக்காரு. அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல இத்தனை டீக் கோப்பை வெளிய வந்ததே இல்ல. இவ்வளவு பேர் வருவாங்கன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அப்போதுதான் நிலைய மேலாளர் ருவேன் தங்கள் கைபேசியில் அழைத்தார். கடல் தாண்டிக் கோவென்ட்ரி நகரில் வாழும் வெஸ்டியின் தங்கை அசம்ப்டா, இணையத்தில் நம் ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு, மறுப்பு வருமுன்பே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாராம். வழியிலிருந்து நிலையத்துக்குப் பேசி, "நான் வர்ற வரைக்கும் பெட்டியை மூடாதீங்கன்னு சொல்லுங்க" என்று வரவேற்பறையில் தம் எண்ணோடு சேதி வைத்திருந்தாராம்.

அண்ணனும் தங்கையும் பேசி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அவர்கள் தந்தை இறந்தபோது புயலால் கப்பல் நின்றுபோயிற்று. தங்கைக்காக ஒரு நாள் பொறுத்திருக்கலாம். வெஸ்டி பொறுக்கவில்லை, புதைத்துவிட்டார். அசம்ப்டா வந்து சேர்ந்தபோது கல்லறையின் மேல் மண் மட்டும் ஈரமாக இருந்தது.

சேதியைக் கேட்ட வெஸ்டி கோப்பையைக் கீழே வைத்தார். தங்களைச் சமையலறைக்குள் தனியே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"அவகிட்ட சொல்லாதம்மா. ப்ளேன்ல ஏறட்டும். இங்க வந்து பாத்துக்கட்டும். உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா திரும்பிப் போயிடுவா. எனக்காக வரமாட்டா. என் சாவுக்குத்தான் வருவா."

"வெஸ்டி, ஒரு பொம்பளை தன் அண்ணன் செத்துட்டான்னு அழுதுகிட்டே வர்றதுக்கு நான் விடமாட்டேன். எங்க தப்பால நீங்க பட்டது போதும்."

"ஒரு மணி நேரந்தானே. அழுதா அழட்டுமே! நான் எத்தனை வருஷமா…" என்று தொடங்கியவர், முடிக்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே தாங்கள் அசம்ப்டாவின் எண்ணை அழுத்தினீர்கள். அவர் கண்முன்னே, அவர் காதுபடச் சொன்னீர்கள். "உங்க அண்ணன் நல்லா இருக்காரு. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம். மன்னிச்சிடுங்க." மறுமுனையில் விமான நிலையத்து இரைச்சல் மட்டும் கேட்டது.

"உயிரோடவா இருக்கான்?"

"இருக்காரு. பக்கத்துலதான் நிக்கறாரு."

"பேசுறானா?"

"இப்பப் பேசல. அழறாரு."

அந்த அம்மையார் சொன்னார்: "கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். திரும்பிப் போய்க் கழட்டுறதுக்குச் சோம்பேறித்தனமா இருக்கு. அப்பாவுக்குத்தான் நேரத்துக்கு வர முடியல. இவனுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டதா இருக்கட்டும்."

நாக் விமான நிலையத்துக்குத் தங்கள் காரிலேயே வெஸ்டியை அழைத்துப் போனீர்கள். வெளியே வந்த அசம்ப்டா அண்ணனை மேலும் கீழும் பார்த்தாராம்.

"மெலிஞ்சு போயிட்டடா."

"செத்தவன் குண்டாவா இருப்பான்?"

கைப்பையால் தோளில் ஓங்கி ஒரு அடி. பிறகு அடித்த கையாலேயே அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தாங்கள் அந்தப் பக்கம் திரும்பி, கார் நிறுத்துமிடத்துப் பலகையில் எழுதியிருந்ததையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் படித்ததாக, பின்னாளில் அசம்ப்டாவே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

திங்களன்று ஃபெர்கலை வேலையை விட்டு நீக்குவதென்று மேலாளர் முடிவுகட்டியிருந்தார். தாங்கள் கதவைத் தட்டாமல் உள்ளே போனீர்கள். "பேரைச் சொன்னது அவன். கதவைத் திறந்து போட்டது நான். இந்த மெஷினுக்கு எதை மறக்கணும்னு சொல்லிக் குடுக்கிறது என் வேலை. அனுப்பறதா இருந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்க." அன்று பிற்பகலே வெஸ்டியும் தொலைபேசியில் வந்தார். "அந்தப் பயலை அனுப்பிட்டா வாராவாரம் நான் யாரைத் திட்டுறது? அவனே இருக்கட்டும். ஆனா அக்கார்டியனை ஏத்துங்க!" ஃபெர்கல் இருந்தார், இருக்கிறார். இம்மடலின் பெரும்பகுதியை எழுதியவர் அவரே. எழுதும்போது மூன்று முறை எழுந்து வெளியே போனார்.

அதன்பின் தாங்கள் ஒரு சட்டம் செய்தீர்கள். பாட்டை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும், விளம்பரத்தை அது பார்த்துக்கொள்ளட்டும், பேய்க்காற்று அடித்துச் சாலைகள் மூழ்கும் நாளில் முழு நிலையத்தையும் அதுவே சுமக்கட்டும். இறந்தவரின் பெயரை மட்டும் மனிதர் வாயே சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் யார் வருவது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது, சனிக்கிழமையைத் தாங்களே எடுத்துக்கொண்டீர்கள். நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்க வழிசெய்த மென்பொருளைக் கட்டி மேய்த்த தாங்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் மழையில் நனைந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் அந்தப் பெயர்களைச் சொன்னீர்கள். சொல்வதற்கு முன் அவ்வீட்டாரை அழைத்து, பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டீர்கள். ஊருக்குத் தங்கள் குரல் தெரிந்தது அப்படித்தான்.

சென்ற மாசியில் வெஸ்டி பாடன் மெய்யாகவே மறைந்தார். கோவென்ட்ரி வீட்டை விட்டு அண்ணனோடு வந்து தங்கி, தினமும் சண்டையிட்டு, தினமும் சூப் வைத்துக் கொடுத்த அசம்ப்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அறிவிப்பைத் தாங்களே வாசித்தீர்கள். வாசித்து முடித்ததும் தொலைபேசிகள் அலறத் தொடங்கின. ஒவ்வொன்றையும் தாங்களே எடுத்தீர்கள். "ஆமாங்க. இந்தத் தடவை நிஜம்தான்." அதையே திரும்பத் திரும்ப, எரிச்சலின்றி, ஒவ்வொருவருக்கும் முதன்முறை சொல்வதுபோலச் சொன்னீர்கள். பனிமூட்டத்தால் அசம்ப்டாவின் மகள் வந்த விமானம் தாமதமானபோது, பெட்டி ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்தது.

பொறுமையின் உருவே! பொறுப்பின் வடிவே! மன்னிப்புக் கேட்பதை மாண்பாக்கிக் காட்டிய மேன்மையே! இவ்வளவு சொன்ன பிறகும் தங்களுக்கு நன்றி சொல்லும் சொல் எங்களிடம் இல்லை. ஒன்றை மட்டும் அறிவிக்க விழைகிறோம். தங்கள் சனிக்கிழமைகளை நாங்கள் பங்கிட்டுக்கொண்டுவிட்டோம். முதல் சனிக்கிழமை ஃபெர்கலுடையது. வீட்டாரை முன்னதாகவே அழைத்துப் பெயரைக் கேட்டுக்கொள்வதாக வாக்களித்திருக்கிறார்.

ஆகவே, அம்மையே, தாங்கள் உறங்குங்கள். மழை சன்னலில் அடிக்கட்டும், மணி ஒன்பதாகட்டும், பத்தாகட்டும். எழுந்து வந்து கஞ்சியை நிதானமாகக் கிளறுங்கள். கைகால் வலுவோடும், கண் தெளிவோடும், காது கூர்மையோடும், நாங்கள் செய்யும் பிழைகளைக் கேட்டுத் தலையிலடித்துக்கொள்ளும் தெம்போடும், நூறாண்டும் அதற்கு மேலும் தாங்கள் எங்கள் நேயராக இருந்தருள வேண்டும்.

அன்பில் கட்டுண்ட,
குவான் வானொலிப் பணியாளர்கள்,
பாலிதூரின், மேயோ.