எண்பத்திநாலு படி

தங்கை: ...சரி, அதை விடு. ஆறு பாகம் வந்திருக்கு. அதுல எது ஒசத்தி?

அண்ணன்: எதுல ஆறு பாகம்?

தங்கை: அண்ணா... விளையாடாதே.

அண்ணன்: கப்பல் கேம்தானே, தெரியுது. முகத்தை அப்படி வச்சுக்காதே.

நர்ஸ்: என்னம்மா இது, நேத்துதான் தலையில ஆபரேஷன் ஆயிருக்கு. அதுக்குள்ள சண்டையா?

தங்கை: டாக்டர்தான் சிஸ்டர் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். பழசு ஏதாவது மறந்திருக்கான்னு பாக்கணுமாம்.

அண்ணன்: பேரு, தேதி, கிழமை எல்லாம் காலையிலேயே ஒப்பிச்சாச்சு, சிஸ்டர். இவதான் விடமாட்டேங்கறா.

நர்ஸ்: அவங்க பயம் அவங்களுக்கு. ரொம்ப நேரம் வேணாம்மா. ஏதாவதுன்னா தலைமாட்டுல இருக்கற பட்டனை அழுத்துங்க, பக்கத்து ரூம்லதான் இருப்பேன்.

அண்ணன்: பயமா, இவளுக்கா? நேத்து நான் உள்ள கிடக்கும்போது ரெண்டு மணி நேரம் ஆளையே காணோமாமே. அம்மா சொன்னாங்க.

தங்கை: போன் சார்ஜர் எடுக்க வீட்டுக்குப் போனேன்.

அண்ணன்: சார்ஜருக்கு ரெண்டு மணி நேரமா?

தங்கை: இங்க நான்தான் கேள்வி கேப்பேன். எது ஒசத்தி?

அண்ணன்: ரெண்டாவது பாகம். இதுல என்ன சந்தேகம்?

தங்கை: அந்தப் பழசா? ஆளுங்க முகமெல்லாம் செங்கல்லு மாதிரி இருக்குமே.

அண்ணன்: இருந்துட்டுப் போகட்டும். மத்ததுல எல்லாம் ராஜா, சதி, போரு... எங்க போகணும்னு மேப்புல மஞ்சப் புள்ளி வச்சே கொடுத்துடுவான். நாம ஊரை எங்க பாத்தோம்? புள்ளியைப் பாத்துட்டு ஓடினோம்.

தங்கை: ரெண்டாவதுல?

அண்ணன்: மேப்பே கிடையாது. நீ கடுதாசி கொண்டு போறவன், அவ்வளவுதான். கப்பல்ல வந்ததை வீடு தேடிக் கொடுக்கணும். வழி தெரியலையா, தெருவுல நிக்கறவங்களைக் கேளு.

தங்கை: அந்தக் கயிறு திரிக்கறவர் தப்புத் தப்பா வழி சொல்வாரு...

அண்ணன்: வேணும்னேதான். ரெண்டு நாள் நின்னு பேசினா, அப்புறம் சரியாச் சொல்வாரு. மீன்காரம்மா இருக்காங்களே, கடுதாசி லேட்டானா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. மறுநாளும் மறக்க மாட்டாங்க.

தங்கை: ஆறாவதுல கடல் எவ்வளவு அழகு தெரியுமா!

அண்ணன்: அழகுதான், யார் இல்லேன்னா? ஆனா ஆயிரம் பேர் நடக்கறான், ஒருத்தனுக்கும் உன்னைத் தெரியாது. முந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு துறைமுகத்துல மனுஷங்க எப்படிப் பொழைச்சாங்கன்னு ரெண்டாவதுலதான் தெரிஞ்சுது எனக்கு. அங்க குடியிருந்த மாதிரியே இருக்கும்.

தங்கை: அப்பாடா... எல்லாம் அப்படியேதான் இருக்கு.

அண்ணன்: பரீட்சை முடிஞ்சுதா?

தங்கை: கடைசி ஒண்ணே ஒண்ணு. கேமை அணைக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

அண்ணன்: ஒண்ணும் செய்ய வேணாம்.

தங்கை: ...என்னது?

அண்ணன்: தானா சேவ் ஆயிடும். அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான்.

தங்கை: அண்ணா... நல்லா யோசி. கலங்கரை விளக்கம்... எண்பத்திநாலு படி... உச்சியில ஒரு மணி...

அண்ணன்: அதுக்கும் சேவுக்கும் என்ன சம்பந்தம்?

தங்கை: ஐயோ... ஐயோ, அந்தப் பட்டன் எங்க? சிஸ்டர்!

அண்ணன்: ஏய், ஏய், கையை எடு! எல்லாம் ஞாபகம் இருக்கு. மேல ஏறி மூணு தடவை அடிக்கணும். அடிக்காம அணைச்சா அன்னைக்கு ஆடினதெல்லாம் போயிடும். போதுமா?

தங்கை: அப்புறம் ஏன்டா... எனக்கு உசிரே போயிடுச்சு!

அண்ணன்: ஏன்னா அது பொய். நான் கட்டிவிட்டது.

தங்கை: பொய்யா? எதுக்கு?

அண்ணன்: அப்போல்லாம் அம்மாவுக்கு மில்லுல ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும். வர பத்து நிமிஷம் கூடினா போதும், நீ வாசலைப் பாத்து ஒப்பாரி வைப்ப. எனக்கே பதிமூணு வயசு. உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மணி அடிச்சாத்தான் சேவ் ஆகும், அது உனக்குத்தான் நல்லா வரும்னு சொல்லி ரிமோட்டைக் கையில கொடுத்துட்டேன். நீ ஒவ்வொரு படியா எண்ணி ஏறி, அடிச்சு முடிக்கவும் அம்மா செருப்பு கழட்டவும் சரியா இருக்கும்.

தங்கை: இத்தனை வருஷம் வாயே திறக்கல நீ.

அண்ணன்: நேத்து உள்ள தள்ளிட்டுப் போகும்போது இதுதான் ஓடுச்சு. சொல்லாமலே மறந்துட்டேன்னா... ஏய், எதுக்கு அழற? கோவமா?

தங்கை: சந்தோஷம்டா, லூசு. சொன்ன பொய் வரைக்கும் ஞாபகம் இருக்கே... முழுசா வந்துட்டே நீ.

அண்ணன்: ஏமாத்தினதுக்கு ஒரு திட்டாவது திட்டேன்.

தங்கை: யார் ஏமாந்தா? எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒருநாள் பாதியில கரண்ட் போயிடுச்சு. மறுநாள் போட்டுப் பாத்தேன், எல்லாம் அப்படியே இருந்துச்சு.

அண்ணன்: அடிப்பாவி! அப்புறம் எதுக்கு தினமும் அத்தனை படி ஏறின?

தங்கை: அடிச்சா அம்மா வந்துடுவாங்கல்ல...

அண்ணன்: ...இரு. அப்போ நேத்து அந்த ரெண்டு மணி நேரம்?

தங்கை: பழைய கேம் பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கி டிவியில மாட்டவே ஒரு மணி நேரம் ஆயிடுச்சுண்ணா... எண்பத்திநாலு படியும் எண்ணி ஏறி, மூணு தடவை அடிச்சுட்டுத்தான் வந்தேன்.