மதகை மூடி வைத்த ஹார்லன் சக்ஸ்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, நீர் வாரிய உறுப்பினர்களே, ஹார்லனின் துணைவியார் லொரீன் அவர்களே, தெற்கே சதுப்புநிலத்திலிருந்து வந்திருக்கும் மிக்கசூக்கி பழங்குடி மக்களே, கரும்பு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெல் கிளேட் ஊராரே! துக்கத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நம் நீர்த்தேக்கத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் ஹார்லன் சக்ஸ் போய்விட்டார். அவருடைய உதவியாளர் கிளாரிஸ் டீல் பேசுகிறேன். அழக்கூடாது என்றுதான் வந்தேன். பார்ப்போம்.

ஹார்லனை மகான் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். முன்கோபக்காரர், பிடிவாதக்காரர். "இதெல்லாம் காப்பியா கிளாரிஸ்? வாய்க்கா தண்ணி மாதிரி இருக்கு" என்பார். கோப்பையை மட்டும் காலி செய்துவிடுவார்!

இந்த ஊரில் நாம் எப்படி வளர்ந்தோம்? புயல் என்ற சொல் காதில் விழுந்தவுடன் பம்பை ஓட்டி, வயல் தண்ணீரையெல்லாம் கால்வாயில் தள்ளி வளர்ந்தோம். முந்திக்கொள்ளாதவன் கரும்பு அழுகும். ஹார்லனும் அந்தக் கரும்புக்காட்டுப் பிள்ளைதான். நீர்த்தேக்கம் கட்டி முடிந்த முதல் ஆண்டு, புயல் வருகிறது என்றார்கள். அவர் என்ன செய்தார்? பழக்க தோஷம்! கடல் பக்கத்து மதகைத் திறந்து, கோடையில் தெற்கே சதுப்புக்கு விடவென்று சேர்த்த தண்ணீர் முழுவதையும் கடலுக்கு அனுப்பிவிட்டார். புயலோ திசை மாறிப் போய்விட்டது.

கோடை வந்தது. சதுப்பு நிலம் காய்ந்தது, தீப்பிடித்தது. மக்கிய இலைதழையாலான அந்த மண்ணே எரியும் மண் அல்லவா? மிக்கசூக்கி இனத்து ஆக்னஸ் சைப்ரஸ் அம்மையாரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சோளம் விதைத்த மரத்தீவு, சதுப்பு நடுவே இருந்த அந்த மேடு, வேரோடு கருகிப் போனது.

ஹார்லன் யார் மீதும் பழி போடவில்லை. நேரே ஆக்னஸ் அம்மையாரிடம் போனார். நானும் உடன் போனேன். "எல்லாம் என்னாலதாம்மா. மன்னிச்சிடுங்க" என்றார்.

அம்மையார் சாம்பலைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டார்: "உன் மன்னிப்ப வச்சு நான் என்னப்பா பண்றது? அத ஊத்தினா சோளம் மொளைக்குமா? தண்ணி குடு."



அடுத்த ஆண்டும் புயல் அறிவிப்பு வந்தது. கரை தாங்கும் என்று பொறியாளர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் ஊர் கேட்குமா? "தொற, தொற" என்று கத்தியது. நானும் ஹார்லனும் மதகடியில் இருந்தபோது அவருடைய தம்பி டிராவிஸ் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணே, உன் தேக்கம் நெறஞ்சு நிக்குது, எங்க வாய்க்கா வடிய எடமில்ல! கரும்பு முங்குதுண்ணே! கொஞ்சம் தொறந்து விடேன்!"

"முடியாதுடா."

"அந்தக் கொக்குக்கும் நாரைக்கும் நீ அண்ணனா, எனக்கு அண்ணனா?"

"உனக்குத்தாண்டா அண்ணன். ஆனா தொறக்க மாட்டேன்."

டிராவிஸ் மறுபடி மறுபடி கூப்பிட்டார். ஹார்லன் ஒவ்வொரு முறையும் எடுத்தார். திட்டு வாங்கினார். மதகு மூடியே இருந்தது. கரை தாங்கியது, டிராவிஸின் கீழ்வயல் அழுகியது. அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. அது அவர் நெஞ்சை அரித்தது. எனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் தெற்கு மதகைத் திறந்தோம். சதுப்பில் தண்ணீர் நின்றது, தீ வரவில்லை. நாரைகள் கூடு கட்டின. ஆக்னஸ் அம்மையார் அந்தத் தீவில் மிஞ்சிய மண்ணில் மறுபடி சோளம் விதைத்தார். ஹார்லன் சக்ஸ் தந்த தண்ணீர் அது!

அன்பர்களே, மேடையில் நின்று உறுதிமொழி சொல்வது எளிது. ஆனால் நானும் இந்த ஊர்க்காரிதான். அடுத்த புயல் அறிவிப்பு வந்தால், தண்ணீரைத் திறந்துவிட என் கையும் பரபரக்கும். ஹார்லன் அவர்களே, அந்தக் கையை நான் அடக்குவேன். நீங்கள் சேர்த்த தண்ணீர் தெற்கேதான் போகும். இது சத்தியம்!

டிராவிஸ், கடைசி வரிசையில் நிற்கிறீர்கள், பார்த்துவிட்டேன். புயல் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் அண்ணனைத் திட்டியதுபோலவே திட்டுங்கள். எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுப்பேன். திறக்க மாட்டேன்.